சோ எம் கே என்று இரண்டு பேர்

கம்ப்யூட்டருக்குள் நுழைய வந்து நிற்கும் ஒரு விவரம் சரியானதா தவறானதா என்று சந்தேகம் வந்தால், அதை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டுமா, "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே விட வேண்டுமா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நான் பல வருடம் சம்பளம் வாங்கினேன். பதில் மட்டும் இன்னும் தெரியவில்லை.

ஓய்வு பெற்றவள் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் எங்கள் பாசிர் ரிஸ் அடுக்குமாடி புளோக்கில் சிரிக்கிறார்கள். எனக்கு வயது முப்பத்து நான்கு. மூத்தவன் கையைப் பிடித்து இழுக்கிறான், இளையவள் இடுப்பில் இருக்கிறாள். இவள் பிறந்ததும் வேலையை விட்டேன். அது சரியான முடிவுதானா என்று தினமும் காலையில் யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். "இன்னைக்குச் சந்தேகக் கோட்டா முடிஞ்சுதா?" என்று கணவர் கேட்ட பிறகுதான் நிறுத்துவேன்.

போன வாரம் சியூ லெங் தொலைபேசியில் கூப்பிட்டாள். அலுவலகத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்த சீனப் பெண். இப்போது அங்கே அவள்தான் பொறுப்பு. "அக்கா" மட்டும் தமிழில் வரும், மற்றதெல்லாம் ஆங்கிலம். விவரங்களைச் சரிபார்க்க நாங்கள் எழுதிய பழைய முறையைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம்.

"அக்கா, அன்னிக்கு நீங்க எப்படி முடிவு பண்ணீங்க? புதுசா வந்தவங்க கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

எழுதிப் பார்த்தால் எனக்கே தெரியவரலாம் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் பாலிடெக்னிக் முடித்த கையோடு, சிங்கப்பூரில் பல இடங்களில் கிளினிக் நடத்திய ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் பிரிவு சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே மசாலா அரைக்கும் கடை. ஏர்கான் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். எங்களுக்கு ஜன்னலும் மிளகாய் நெடியும். முதலில் அட்டையில் துளை போடும் அறையில் வைத்தார்கள். ஒரு பெண் விவரத்தைத் தட்டி அட்டையில் துளையிடுவாள். இன்னொருத்தி அதே அட்டையை வேறொரு இயந்திரத்தில் வைத்து அதே விவரத்தை மறுபடி தட்டுவாள். இரண்டும் ஒத்துப்போனால் அட்டையின் வலது ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு விழும். அந்த வெட்டைப் பார்த்ததும் வரும் நிம்மதி, பிறகு அட்டைக்குப் பதில் திரை வந்து, நான் புரோகிராமர் ஆகி, கல்யாணமாகி, மகன் பிறந்த காலம் வரை வேறெதிலும் வந்ததில்லை.

எங்கள் மேலதிகாரி திரு. அருளப்பன். தேவாலயத்தில் ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் இயேசுவின் பாடுகள் நாடகத்தில் ரோமச் சிப்பாயாக நடிப்பவர். வசனம் இல்லாத பாத்திரம் என்பது அவருக்குப் பெரிய குறை. அந்தக் குறையை எங்களிடம் தீர்த்துக்கொண்டார்.

ஒரு விவரத்தைச் சரிபார்க்கும் விதிகளை நாம் எழுதி முடித்ததும் அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் கழுத்துப்பட்டையைத் தோள்மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு வருவார். மேசைத் தடுப்பைத் தட்டுவார்.

"நான் ஒரு பிறந்த தேதி. பிப்ரவரி முப்பது. உள்ள வரலாமா?"

"வர முடியாது சார். பிப்ரவரிக்கு முப்பது கிடையாது."

"சரி. அப்ப நான் எங்க போறது? வெளில மழை பெய்யுது."

இதுதான் அவருடைய கேள்வி. ஒன்றைத் திருப்பி அனுப்பினால் அது எங்கே போகும், யார் அதைத் திருத்துவார்கள் என்று நாம் சொல்ல வேண்டும். சொல்லும்வரை நகர மாட்டார். "மழை பெய்யுதும்மா, நனையறேன்" என்று நின்றுகொண்டே இருப்பார். ஒருநாள் வந்து எதுவும் பேசாமல் நின்றார். தட்டவும் இல்லை. சியூ லெங் புதிதாகச் சேர்ந்த நேரம். உடம்புக்கு முடியவில்லையோ என்று பயந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அவர் உட்கார்ந்துகொண்டு வருத்தத்தோடு சொன்னார். "நான் காலிக் கட்டம். ஒண்ணுமே எழுதாம விட்ட இடம். எனக்குப் போய் நாற்காலி போடறே."

எண்பதுகளின் நடுவில் எல்லாக் கிளினிக்குகளிலும் நோயாளிப் பதிவையும் மருந்து லேபிளையும் கம்ப்யூட்டருக்கு மாற்ற முடிவு செய்தார்கள். மருந்துப் பொட்டலத்தின்மேல் கம்ப்யூட்டர் எந்தப் பெயரை அச்சடிக்கிறதோ அந்தப் பெயருக்கு உரியவர் அதைச் சாப்பிடுவார். ஆகவே பதிவாகும் விவரத்தை எந்த முறையில் சரிபார்ப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வேலை என்னிடம் வந்தது. என் மகனுக்கு அப்போது எட்டு மாதம். அவனுக்கு எந்தப் பால்மாவு என்று தேர்ந்தெடுக்கவே ஒரு மாதம் எடுத்துக்கொண்டவள் நான்.

இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்த மென்பொருள். ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன எழுத்து வரலாம், எது கட்டாயம் என்று அதில் விதி இருக்கும். விதிக்குப் பொருந்தாவிட்டால் மணி அடிக்கும், திரையில் அடுத்த கட்டத்துக்குப் போகவே விடாது. நாங்கள் அதற்கு ஜாகா என்று பெயர் வைத்தோம். இந்த ஊரில் வாசற்காவலரை அப்படித்தானே சொல்வோம். இன்னொன்று, நானும் சியூ லெங்கும் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்த முறை. சந்தேகமான எதைக் கண்டாலும் "நிச்சயமா?" என்று கேட்கும். ஆமாம் என்று ஒரு விசையைத் தட்டினால் உள்ளே விட்டுவிடும். இதற்கு மாமியார் என்று பெயர். அர்த்தம் தெரிந்த பிறகு சியூ லெங் அந்தச் சொல்லைத் தேவைக்கு அதிகமாகவே பயன்படுத்தினாள்.

ஜாகாவைச் சிராங்கூன் ரோடு கிளினிக்கிலும் மாமியாரைத் தோ பாயோ கிளினிக்கிலும் சோதனைக்கு வைத்தோம்.

ஜாகா முதல் இரண்டு நாள் ஓயாமல் மணி அடித்தது. பிறகு குறைந்தது. ஒரு வாரம் ஆனபோது திருப்பி அனுப்பப்படும் விவரம் ஒன்றுகூட இல்லை. அதை விற்க வந்த டெஸ்மண்ட் எல்லாருக்கும் கறிபஃப் வாங்கிக் கொடுத்தார். அருளப்பன் சார் இரண்டு சாப்பிட்டார்.

எனக்குத்தான் இறங்கவில்லை. பக்கத்து அறையில் பிள்ளை சத்தமே போடாமல் இருந்தால் எந்தத் தாயால் நிம்மதியாக இருக்க முடியும்? போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். "கறிபஃப்லயும் குறை கண்டுபிடிச்சுடுவாங்க" என்று டெஸ்மண்ட் சொன்னது படியிறங்கும்போது காதில் விழுந்தது.

கிளினிக்கில் பெயரைப் பதிவதும் மருந்து கொடுப்பதும் மோலி என்ற தாதிதான். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். மோலி ஒரு பொட்டலத்தை எடுத்து, "சோ எம் கே" என்று கூப்பிட்டாள். ஒரு சீனப் பெரியவர் எழுந்தார். பக்கத்தில் ஒரு தமிழரும் எழுந்தார். வேட்டி சட்டை, நெற்றியில் திருநீறு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தமிழர் மரியாதையாகக் கையைக் காட்டினார், நீங்கள் முதலில் போங்கள் என்று. பெரியவர் வாங்கிக்கொண்டு வெளியே போனார். மோலி மறுபடியும், "சோ எம் கே" என்றாள். தமிழர் போய் வாங்கிக்கொண்டார்.

நான் எழுந்து முகப்புக்குப் போனேன். "மோலி, அவர் எப்படிச் சோ?"

"ஜாகா பண்ணின வேலை லா" என்றாள் மோலி. "குடும்பப் பேர் குடு, குடும்பப் பேர் குடுன்னு மணி அடிக்குது. உங்க ஆளுங்களுக்குத்தான் அது கிடையாதே. முத்தையா s/o காளிமுத்து. காளிமுத்து மகன் முத்தையா, அவ்வளவுதான். அந்தச் சாய்கோட்டைப் போட்டாலும் மணி அடிக்குது. கோட்டை எடுத்துட்டு, எஸ்ஸையும் ஓவையும் சேத்து குடும்பப் பேர்னு போட்டேன். சோ. உடனே கப்சிப். இப்ப ஆம்பளைங்க எல்லாரும் சோ, சோன்னு கூப்பிட்டா எழுந்து வாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். மகள்னா d/o, அதனால பொம்பளைங்க எல்லாரும் டோ. நீங்க வந்தா மேடம் டோ."

சோ என்பது சீனர்களிடம் நிஜமாகவே இருக்கும் குடும்பப் பெயர். ஜாகா லேபிளில் குடும்பப் பெயரையும் மற்றப் பெயர்களின் முதலெழுத்துகளையும்தான் அச்சடிக்கும். நான் இதை மனத்துக்குள் கூட்டிப் பார்ப்பதற்குள் முத்தையா திரும்பி வந்து நின்றார். கையில் மருந்துப் புட்டி.

"மிஸி, எனக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் மாத்திரைன்னுதான் சொன்னாரு. இது இருமல் மருந்து மாதிரி இருக்கு. தொட்டு நாக்குல வச்சேன், பாகா இனிக்குது."

மோலி பதிவைத் திருப்பிப் பார்த்தாள். முத்தையாவின் மாத்திரை அந்தச் சீனப் பெரியவரிடம் இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது, வெறும் இருமல். வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டால் ரோட்டிலேயே மயங்கி விழலாம்.

நான் ஓடினேன். கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் பூக்கூடைகளையும் காய்கறிப் பெட்டிகளையும் தாண்டிக்கொண்டு, "மிஸ்டர் சோ, மிஸ்டர் சோ" என்று கத்தியபடி. அந்த நேரத்தில் திரும்பிப் பார்த்த தமிழர்களில் எத்தனை பேர் மோலியிடம் பதிந்தவர்களோ தெரியாது.

பெரியவர் முனையில் இருந்த கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தார். கோப்பியைத் தட்டில் ஊற்றி ஆறவைத்திருந்தார். மாத்திரை உள்ளங்கையில் இருந்தது.

"அங்கிள், சாப்பிடாதீங்க. மருந்து மாறிடுச்சு" என்றேன் மலாயில்.

அவர் நிதானமாகப் பொட்டலத்தைத் திருப்பி லேபிளைக் காட்டினார். "இது என் பேர். சோ எம் கே. சோ மெங் கியட். நான்தான்."

அவர் சொன்னது முழுக்க உண்மை. கட்டாயமான கட்டங்கள் நிரம்பியிருந்தன, கூடாத எழுத்து ஒன்றும் இல்லை, பெயரும் அவருடையதுதான். அந்த லேபிளில் தவறு என்று என்னால் விரல் வைக்க ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. யாரோ முன்பின் தெரியாத பெண் மூச்சிரைக்க வந்து சொன்னால் அவர் ஏன் நம்ப வேண்டும்? அவர் கை மெல்ல வாயை நோக்கி எழுந்தது. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பெரியவர் ஒருவரின் கையை அப்படிப் பிடித்தது அந்த ஒருமுறைதான்.

அப்போது முத்தையா வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்து சேர்ந்தார். புட்டியை மேசைமேல் வைத்து அதன் லேபிளைக் காட்டினார்.

"இதுலயும் சோ எம் கே. நானும் சோ."

பெரியவர் அவரைத் திருநீற்றிலிருந்து செருப்புவரை பார்த்தார். "நீ சோவா? எந்த ஊர்ச் சோ?"

"கிளினிக் சோ. இப்பத்தான் ஆனேன்."

பெரியவர் தோள் குலுங்கச் சிரித்தார். மாத்திரையைப் பொட்டலத்தில் போட்டு முத்தையாவிடம் நகர்த்திவிட்டுப் புட்டியை எடுத்துக்கொண்டார். "நம்ம குடும்பத்துக்கு வந்துட்டே, உக்காரு" என்று முக்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்து, சர்க்கரை போடாத கோப்பி ஒன்று சொன்னார். நானும் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு யாரும் கோப்பி சொல்லவில்லை.

மறுநாள் கூட்டம். டெஸ்மண்ட் அடங்கிய குரலில்தான் பேசினார். "மென்பொருள் விதிப்படி நடந்திருக்கு. தப்பா டைப் பண்ணினது தாதி. இந்தியர்களுக்கு அப்பா பேரைக் குடும்பப் பேர் கட்டத்துல போடச் சொல்லுங்க, முடிஞ்சது."

அருளப்பன் சார் கழுத்துப்பட்டையைத் தோள்மேல் போட்டார். டெஸ்மண்டுக்கு இது பழக்கமில்லை.

"நான் முத்தையா. நீங்க மிஸ்டர் காளிமுத்துன்னு கூப்பிடறீங்க. நான் எழுந்திருக்க மாட்டேன், அது எங்கப்பா பேர். எங்கப்பா எழுந்திருக்க முடியாது, அவர் போய்ச் சேந்துட்டாரு. இப்ப மருந்தை யார் வாங்கறது?"

டெஸ்மண்ட் விட்டுக்கொடுக்கவில்லை. கைப்பையிலிருந்து தோ பாயோ பட்டியலை எடுத்தார். எங்கள் மாமியாரின் லட்சணம் அதில் இருந்தது. எழுபது கிலோ எடையுள்ள கைக்குழந்தை. அடுத்த வருடம் பிறக்கப்போகும் ஒரு தையல்காரர். நூற்று நாற்பது வயதில் முழங்கால் வலிக்கு மட்டும் வந்து போன ஒரு பாட்டி. எல்லாவற்றுக்கும் மாமியார் "நிச்சயமா?" என்று கேட்டிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் அங்கே இருந்தவர்கள் ஆமாம் என்று தட்டியிருக்கிறார்கள்.

இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. என் மகனைப் பகலில் பார்த்துக்கொண்டது அப்போது நாங்கள் குடியிருந்த தோ பாயோவில் பக்கத்து வீட்டு மலாய் அக்கா, காக் தீமா. மதியம் போன் செய்து, பால் குடித்தானா, நிச்சயமா, தூங்கினானா, நிச்சயமா, காய்ச்சல் இல்லையே, நிச்சயமா என்று கேட்பேன். காக் தீமா "யா, யா, யா" என்பார். ஒருநாள் நடுவில், "யானை வந்துச்சா?" என்று கேட்டேன். "யா" என்றார். நூறு கேள்வி கேட்பவளுக்கு யாரும் யோசித்துப் பதில் சொல்வதில்லை. மாமியாரை எழுதியவளும் நான்தானே.

"சாந்தா, நீயே சொல்லு" என்றார் அருளப்பன் சார். "ஜாகாவா, மாமியாரா? ஜாகான்னா அடுத்த மாசமே புக்கிட் பாஞ்சாங் கிளினிக் வரைக்கும் போட்டுடலாம். மாமியார்னா இன்னும் ரெண்டு மூணு மாசம் எழுதணும். மேல போய்த் திட்டு வாங்கறது நான்தான். அதனால காரணத்தோட சொல்லு."

அவருக்கு ஜாகாவின் மேல்தான் ஆசை என்று எனக்குத் தெரியும். எனக்கும் இன்னும் மூன்று மாதம் மாலையில் தாமதமாக வீடு போக விருப்பமில்லை. ஒரு தப்பான பதில் சொன்னால் அடுத்த முறை கோப்பிக் கடைக்கு நான் ஓடிப் போய்ச் சேர முடியாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வாயைத் திறந்தபோதுகூட என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாது.

"சார், பிப்ரவரி முப்பதைத் திருப்பி அனுப்பினா, தாதி அவங்களைப் பாத்து மறுபடி கேப்பாங்க. சரியான தேதி எங்கியோ இருக்கு, அது வந்துடும். முத்தையாவைத் திருப்பி அனுப்பினா என்ன வரும்? அவர்கிட்ட வேற பேரே கிடையாது. அவர் உண்மையைத்தான் குடுத்தாரு. உண்மையை வாங்க மாட்டேன்னு சொன்னதால ஒரு பொய்யை உண்டாக்க வேண்டியதாப் போச்சு. ஜாகா அந்தப் பொய்யைச் சல்யூட் அடிச்சு உள்ள விட்டுச்சு."

சொன்ன உடனேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அப்படித்தான்னு நினைக்கிறேன்" என்று சேர்த்தேன். "தப்பா இருக்கலாம்."

"கடைசி ரெண்டு வரி வேணாம்" என்றார் சார். "மீதியை அப்படியே எழுதிக் குடு."

மாமியாரைத்தான் தேர்ந்தெடுத்தோம், பாதி வாயை அடைத்து. பெயருக்கு ஒரே நீளக் கட்டம். அதில் எதை எழுதினாலும் கேள்வி கிடையாது. லேபிளில் முழுப் பெயரும் அடையாள அட்டை எண்ணும் வரும். இருக்கவே முடியாத தேதிக்கும் மருந்தின் அளவுக்கும் மட்டும் ஜாகாவைப் போலத் தடை. இடைப்பட்ட சில விஷயங்களுக்கு "நிச்சயமா?" எவை அந்தச் சில என்று நானும் சியூ லெங்கும் போட்ட சண்டை, மசாலாக் கடைக்காரர் மேலே ஏறி வந்து பார்க்கும் அளவுக்குப் போனது. அருளப்பன் சார் ஒவ்வொன்றாக வந்து தட்டினார். "நான் நூத்தி நாப்பது வயசுப் பாட்டி. முழங்கால்தான் கொஞ்சம் வலிக்குது. உள்ள வரலாமா?" வரக்கூடாது என்றேன் நான். பிறந்த தேதியே தெரியாத முதியவர்கள் உண்டு, தோராயமாக எழுதினால் அப்படி வரும், விட வேண்டும் என்றாள் சியூ லெங். கடைசியில் விட்டோம். அது சரிதானா என்று எனக்கு இன்றும் தெரியாது.

நான் விலகும்வரை அந்த முறைதான் ஓடியது. எங்கள் கிளினிக்குகளில் யாரும் புதிதாகச் சோ ஆகவில்லை. ஆனால் "நிச்சயமா?" என்ற கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்று தட்டும் விரல்களை மட்டும் எங்களால் கடைசிவரை ஒன்றும் செய்ய முடியவில்லை.

இப்போது சியூ லெங்குக்கு முன்னால் இருக்கும் தேர்வு இன்னும் குழப்பமானது. புது முறையில் வாசலே கிடையாதாம். ஒவ்வொரு விவரமும் ஆப்ஜெக்ட் என்ற தனி ஆளாக உலவுமாம். தன்னைச் சரிபார்க்கும் விதிகளைத் தானே சுமந்துகொண்டு போகுமாம். தேதி தன்னைத் தானே பார்த்து, நான் சரியான தேதிதான் என்று சொல்லிக்கொள்ளும். பெயர் தன்னைப் பார்த்து, நான் பெயர்தான் என்று சொல்லிக்கொள்ளும். கேட்டால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் "நான்தான் சோ எம் கே" என்று லேபிளைத் திருப்பிக் காட்டிய பெரியவரும் அதைத்தானே செய்தார். தன்னைப் பற்றித் தான் சொல்வது சரியாக இருந்தும், பக்கத்தில் இருப்பவரைக் கேட்காததால் வந்த வினைதானே அது. இன்னொரு வழி, எல்லா விதியையும் ஒரே இடத்தில் வைத்து மறுபடியும் ஒரு ஜாகாவை நிறுத்துவது. இதில் எதை எடுக்கச் சொல்வது?

அவள் மறுபடி கூப்பிடுவாள், முடிவெடுக்க இன்னும் சில மாதம் இருக்கிறதாம். இந்தக் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் நமக்கு எதற்கு என்று நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இதைப் படிக்கும் உங்களில் பலர் வங்கியில், பள்ளியில், மருத்துவமனையில் முகப்புக்கு முன்னால் நின்று, "உங்க பேரு எடுக்க மாட்டேங்குதே" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிலர் முகப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அதைச் சொல்லியும் இருப்பீர்கள். உங்களைத் திருப்பி அனுப்பியிருந்தால் மேலா, தப்பாகவாவது உள்ளே விட்டது மேலா? நூறு முறை கேட்டால் நூற்றோராவது முறையும் யோசித்துப் பதில் சொல்ல உங்களால் முடியுமா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு இரண்டு வரி எழுதுங்கள், அப்படியே சியூ லெங்கிடம் சொல்லிவிடுகிறேன்.

எழுதும்போது உங்கள் முழுப் பெயரையும் போடுங்கள், சாய்கோடு இருந்தால் அதையும் சேர்த்து. பிரித்துப் படிக்கப் போவது நான்தான், மணி எதுவும் அடிக்காது.